அந்த 150 சதவீதம் வேன் வாங்குபவருக்குக் கிடைக்காது

கேள்வி: வணக்கம் அக்கா. டர்பன் மொபெனியில் மசாலா, மாவு, சமோசா பட்டி மொத்த விநியோகம் செய்கிறோம். அப்பா தொடங்கிய தொழில். 7 டீசல் வேன்கள் ஓடுகின்றன, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடும். வியாழக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் லோடு. கிடங்கு சித்தப்பாவுடையது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல 22 இருக்கை பஸ் இரண்டும் உண்டு. இதுவரை எல்லாம் அப்பா பெயரில்தான். போன வருடம் என் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்து தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாற்றி வருகிறேன். இந்த வருடம் கம்பெனிக்குச் சுமார் 9 லட்சம் ராண்டு லாபம் நிற்கும் போலிருக்கிறது. மின்சார வேனுக்கு மாறினால் விலையில் 150 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள அரசு விடுகிறது என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். இரண்டு வேன், ஒரு மின்சார பஸ், எனக்கு ஒரு டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்அப்) என்று குவொட்டேஷன் கொடுத்திருக்கிறார், விவரத் தாளோடு இணைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கையெழுத்துப் போடச் சொல்கிறார். பெரியப்பா மகன், மின்சாரம் வேண்டாம், கேஸுக்கு மாற்று என்கிறான். அரசு உண்மையில் என்னதான் தருகிறது? (மச்சானுடைய டேக்அவே கடைக் கம்பெனியிலும் எனக்கு 20 சதவீதப் பங்கு உண்டு. அந்த வருமானத்தையும் காட்ட வேண்டுமா?)
— சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்:

தம்பி, முதல் வேலையாக அடுத்த வாரக் கையெழுத்தை நிறுத்துங்கள். "கணக்கு பார்க்கும் அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள், பரவாயில்லை.

150 சதவீதம் என்பது பொய் கிடையாது. ஆனால் அது உங்களுக்கானது இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1962-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 12வி பிரிவு அது. மின்சார வாகனமோ ஹைட்ரஜன் வாகனமோ உற்பத்தி செய்கிற ஆலைகள் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போடுகிற முதலீட்டில் 150 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். 2026 மார்ச் 1 முதல் பத்து வருடத்துக்கு இந்த ஏற்பாடு. வாகனத்தைச் செய்கிறவருக்குத்தான் இது, வாங்குகிறவருக்கு இல்லை. உங்கள் வேனை இந்தப் பிரிவில் காட்டினால் சார்ஸ் (வரித்துறை) அதை ஏற்காது. வரி, வட்டி, அதற்கு மேல் அபராதம் என்று உங்கள் தலையில்தான் விழும். அதைச் சொன்ன விற்பனையாளர் அப்போது உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

2024 பட்ஜெட்டில் மின்சார வாகன மாற்றத்துக்கு என்று 96 கோடியே 40 லட்சம் ராண்டு ஒதுக்கினார்களே, அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு வாகனம் வாங்குபவர் கைக்கு மானியம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 2023 டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கையிலிருந்தே அரசின் கவனம் உற்பத்திப் பக்கம்தான். இந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியாகிற கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே டீசல், பெட்ரோல் வண்டிக்குக் கதவு சாத்துகிறார்கள். ஆலைகள் மூடினால், டொயோட்டா ஆலை இருக்கும் நம் பிரோஸ்பெக்டன் பக்கம் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று உங்களுக்கே தெரியும். அரசின் கவலை அது. வாங்குபவருக்கு அவர்கள் இரங்கியதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதி வரி, மின்சாரக் காருக்கு 25. இதை மாற்றச் சொல்லி வாகனத் தொழிலில் உள்ளவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது நியாயமான கோரிக்கை.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? கிடைக்கிறது, ஆனால் "மின்சார வாகனச் சலுகை" என்று யாரும் அதற்குப் பெயர்ப்பலகை மாட்டி வைக்கவில்லை. அதில் பெரிய துண்டு, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில் இருக்கிறது. டேக்அவே கடையின் 20 சதவீதம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான்.

சட்டத்தில் 12ஈ என்று ஒரு பிரிவு. சிறு வணிகக் கம்பெனிகளுக்கானது. ஆண்டு மொத்த வரவு 2 கோடி ராண்டைத் தாண்டக் கூடாது. பங்குதாரர்கள் எல்லோரும் தனி மனிதர்களாக இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது: அந்தப் பங்குதாரர்கள் யாரும் வேறு கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது. பங்குச் சந்தையில் வாங்கிய பங்கு போன்ற சில விலக்குகள் உண்டு. மச்சானுடைய தனியார் கம்பெனிப் பங்கு அந்த விலக்கில் வராது. வருடத்தில் ஒரே ஒரு நாள் அது உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த வருடம் முழுக்க உங்கள் விநியோகக் கம்பெனி சிறு வணிகம் என்ற தகுதியை இழந்துவிடும்.

அதன் விலை என்ன என்று பாருங்கள். 9 லட்சம் லாபத்துக்குச் சாதாரணக் கம்பெனி 27 சதவீதம் கட்ட வேண்டும்: 2,43,000 ராண்டு. சிறு வணிகம் என்றால், 2025–26 விகிதப்படி, முதல் 95,750 ராண்டுக்கு வரி இல்லை. அங்கிருந்து 3,65,000 வரை 7 சதவீதம், 5,50,000 வரை 21, அதற்கு மேல்தான் 27. கூட்டிப் பார்த்தால் 1,52,198. வித்தியாசம் 90,802 ராண்டு. ஒரு மின்சார வாகனமும் வாங்காமலே, வருடா வருடம். அந்தப் பங்கிலிருந்து உங்களுக்கு வருடத்துக்கு என்ன வருகிறது? 90,802-க்கு மேல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த நிதியாண்டு பிறக்கும் முன், அதாவது பிப்ரவரி முடிவதற்குள், அதிலிருந்து வெளியே வாருங்கள். மச்சானுக்கே விற்கலாம். உங்கள் மனைவி விநியோகக் கம்பெனியில் பங்குதாரராக இல்லாவிட்டால் அவருக்குக் கொடுக்கலாம். கணவன் மனைவிக்கு இடையே கொடுப்பதற்கு நன்கொடை வரி கிடையாது. ஆனால் கொடுத்தால் உண்மையாகவே கொடுத்துவிட வேண்டும், லாபம் அவர் கணக்குக்குத்தான் போக வேண்டும். கேட்ட கேள்விக்கும் பதில்: ஆமாம், அந்த வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம், தம்பி கடை போட்டால் அண்ணன் ஒரு பங்கு போடுவான், மச்சான் தொழில் தொடங்கினால் நாம் கை கொடுப்போம். கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த தலைமுறை இப்படித்தான் பஸ் வாங்கியது, கடை வைத்தது. வங்கி ஏறிட்டுப் பார்க்காத காலத்தில் சொந்தக்காரன்தான் வங்கி. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் 12ஈ எழுதியவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. பங்காகப் போடாமல் வட்டியோடு கடனாகக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. என்னிடம் கணக்கு பார்க்கிற குடும்பங்களில் குறைந்தது ஐந்தாறு பேர் இதே குழியில் பல வருடம் கிடந்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

12ஈ தகுதி கிடைத்துவிட்டால் அடுத்து வேன். அந்தக் கம்பெனி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வாகனத்தின் விலையை முதல் வருடம் 50, இரண்டாம் வருடம் 30, மூன்றாம் வருடம் 20 சதவீதம் என்று கழித்துக்கொள்ளலாம். தகுதி இல்லாவிட்டால் 11(ஈ) பிரிவின் சாதாரணத் தேய்மானம்தான்: விநியோக வேனுக்கு 4 வருடம், சமமாக. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த 50-30-20 டீசல் வேனுக்கும் உண்டு. வரித்துறை எந்த எரிபொருள் என்று கேட்பதில்லை. மின்சார வேனின் விலை அதிகம் என்பதால் கழிவும் அதிகம், அவ்வளவுதான்.

உங்கள் குவொட்டேஷனில் ஒரு வேன் வாட் (மதிப்புக்கூட்டு வரி) இல்லாமல் 7 லட்சம். முதல் வருடக் கழிவு 3,50,000. உங்கள் லாபம் 9 லட்சத்திலிருந்து 5,50,000-க்கு இறங்குகிறது. அந்த 3,50,000 முழுக்க 27 சதவீதப் படியில் இருந்த பணம். ஆக மிச்சம் 94,500 ராண்டு. அருமை. இப்போது இரண்டாவது வேனையும் அதே வருடம் வாங்குங்கள். லாபம் 5,50,000-லிருந்து 2 லட்சத்துக்கு இறங்கும். ஆனால் இந்தப் பணம் 21, 7 சதவீதப் படிகளில் இருந்தது. மிச்சம் 50,400 ராண்டுதான். அதே வேன், அதே விலை, பாதிக்குச் சற்று மேல்தான் பலன். இரண்டாவது வேனை மார்ச்சுக்குப் பிறகு, அடுத்த நிதியாண்டில் வாங்கினால் அதில் ஒரு பகுதியாவது மறுபடி மேல்படியில் உட்காரும். அதனால் வருடத்துக்கு ஒன்று. விற்பனையாளருக்கு இது பிடிக்காது, உங்கள் பைக்கு நல்லது.

எதுவானாலும் இன்வாய்ஸ் கம்பெனி பெயரில் இருக்கட்டும். அப்பா பெயரில் வாங்கினால் 12ஈ இல்லை, தனி ஆள் வியாபாரத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அதேபோல் தவணைக் கொள்முதலா வாடகையா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். தவணைக் கொள்முதல் என்றால் வாகனம் உங்கள் கணக்கில் ஏறும், கழிவும் உங்களுக்கு. மாத வாடகை என்றால் வாகனம் அவர்களுடையது, கழிவு அவர்களுக்குப் போகும், நீங்கள் வாடகையை மட்டும் செலவாக எழுதலாம். "மாதம் இவ்வளவுதான்" என்று ஷோரூமில் சொல்லும் தொகை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாட் விஷயத்தில் உங்கள் குவொட்டேஷனில் உள்ள நான்கு வண்டிகளும் ஒரே மாதிரி இல்லை. வேன் சரக்கு ஏற்றுவது, உங்கள் விநியோகத்துக்கு வாட் உண்டு. ஆகவே வேன்மேல் கட்டும் 1,05,000 ராண்டு வாட் வரியைத் திரும்பப் பெறலாம். தவணையில் வாங்கினாலும் முழுத் தொகையையும் அந்தக் கணக்குக் காலத்திலேயே கேட்கலாம். டபுள் கேப் மின்சாரமோ ஹைபிரிடோ, சட்டத்தின் கண்ணில் அது "மோட்டார் கார்". அதில் வாட் திரும்ப வராது, வேலைக்கே ஓட்டினாலும் வராது. பஸ் இன்னும் பாவம். கட்டணம் வாங்கி ஆட்களைச் சாலையில் ஏற்றிச் செல்வதற்கு வாட் விலக்கு உண்டு. விலக்கு என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வாட் வசூலிக்காத தொழிலுக்காக வாங்கிய பொருளின் வாட்டைத் திரும்பக் கேட்க முடியாது. பஸ் விலையில் உள்ள 15 சதவீதம் அப்படியே உங்கள் செலவு.

டபுள் கேப்பைப் பற்றி ஒரு வரி. புதிய வண்டிகளுக்கு 2010 முதல் கார்பன் உமிழ்வு வரி இருக்கிறது. 2024 ஏப்ரல் விகிதப்படி, டபுள் கேப் கிலோமீட்டருக்கு 175 கிராமைத் தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும் 195 ராண்டு. காருக்கு 95 கிராமைத் தாண்டினால் 146. மின்சார வண்டிக்கு இது விழாது. சிறிய தொகை. இதற்காக ஒரு வண்டி வாங்க வேண்டாம். டபுள் கேப்பை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள், அது ஆசை, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது டீசல். அரசு தருகிற உண்மையான ஊக்கத்தொகை எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: மின்சாரத்தின்மேல் எரிபொருள் தீர்வை இல்லை. 2025 ஜூன் விகிதப்படி டீசல் லிட்டருக்குப் பொதுத் தீர்வை 3 ராண்டு 85 சென்ட். சாலை விபத்து நிதிக்கு 2 ராண்டு 18 சென்ட். கார்பன் தீர்வை 17 சென்ட். சேர்த்தால் 6 ராண்டு 20 சென்ட். விவசாயிக்கும் சுரங்கத்துக்கும் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், சாலையில் சரக்கு ஓட்டும் உங்களுக்குக் கிடைக்காது.

உங்கள் வேன் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 24 நாள், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 288 லிட்டர். லிட்டர் 20 ராண்டு என்றால் 5,760 ராண்டு. அதே தூரத்துக்கு மின்சார வேன், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 890 யூனிட் எடுக்கும். யூனிட் 3 ராண்டு என்றால் 2,670. மாதம் 3,090 மிச்சம். அதில் 1,785 ராண்டு நீங்கள் கட்டாமல் விடும் தீர்வை. பாதிக்கு மேல்! இந்தத் தீர்வையை அரசு என்றைக்கும் மின்சார வண்டிமேல் போடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. விபத்து நிதிக்குப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். பத்து வருடக் கணக்குப் போடும்போது இந்த 1,785 கடைசி வரை அப்படியே நிற்கும் என்று எண்ணிப் போடாதீர்கள்.

வாட்டிலும் ஒரு நுணுக்கம். டீசலுக்கு வாட் பூஜ்யம், மின்சாரத்துக்கு 15 சதவீதம். வேனுக்கு ஏற்றிய மின்சாரத்தின் வாட்டைத் திரும்பப் பெறலாம், பஸ்ஸுக்கு ஏற்றியதற்குப் பெற முடியாது. ஆகவே வேனுக்கும் பஸ்ஸுக்கும் தனித்தனி மீட்டர் வையுங்கள்.

உங்கள் குவொட்டேஷனில் மின்சார வேன் 7 லட்சம், அதே அளவு டீசல் வேன் 4,60,000. வித்தியாசம் 2,40,000. வருடத்துக்கு 37,080 மிச்சம் என்றால் ஈடுகட்ட ஆறரை வருடம். நான் அதை உற்சாகமாகச் சொல்ல மாட்டேன். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வேன் என்றால் நான்கு வருடத்துக்குள் வந்துவிடும். உங்கள் ஏழு வேனில் எது அதிகம் ஓடுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள், எது பழசோ அதை இல்லை. வழக்கமாக எல்லோரும் பழசைத்தான் மாற்றுவார்கள்.

பஸ்ஸை இப்போது தொட வேண்டாம். காலையும் மதியமும் சேர்த்து 50, 60 கிலோமீட்டர் ஓடும், பள்ளி விடுமுறையில் அதுவும் இல்லை. ஓடாத வண்டியில் டீசல் மிச்சம் எங்கிருந்து வரும்? கேப் டவுனில் கோல்டன் ஆரோ கம்பெனி 120 மின்சாரப் பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்து 2024 கடைசியிலிருந்து சாலையில் விடுகிறதே என்று கேட்பீர்கள். அவை நாள் முழுக்க ஓடுகிற வண்டிகள். அரசின் பொதுப் போக்குவரத்து மானிய ஒப்பந்தமும் அந்தக் கம்பெனிக்கு இருக்கிறது. பெற்றோரிடம் மாதக் கட்டணம் வாங்கும் உங்களோடு அதை ஒப்பிட முடியாது. பழைய மினிபஸ் டாக்சியை உடைத்துப்போட அரசு தரும் தொகையும் (2019-இல் அதை 1,24,000 ராண்டாக உயர்த்தினார்கள்) உரிமம் உள்ள டாக்சிக்காரர்களுக்குத்தான்.

உங்கள் தொழிலில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. உங்கள் வேன்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதாவது டர்பன் வெயில் நன்றாக அடிக்கும்போது அவை சும்மா நிற்கின்றன. கூரையில் சூரியத் தகடு போட்டால் பாட்டரி வாங்கிச் சேமிக்க வேண்டியதே இல்லை, வேனே பாட்டரி. ஒரு மெகாவாட்டுக்கு உட்பட்ட தகடுகளின் செலவை 12பி பிரிவில் முதல் வருடமே 100 சதவீதம் கழிக்கலாம். இதற்குச் சிறு வணிகத் தகுதியும் வேண்டியதில்லை. 125 சதவீதம் என்று ஒன்று இருந்தது, அது 2025 பிப்ரவரி 28-உடன் முடிந்தது. இன்னமும் அதைச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். சார்ஜரை 12பி-யில் சேர்க்க வேண்டாம், வேனைப் போலவே 12ஈ-யில் எழுதுங்கள். வேன் ஏற்றும் மின்சாரத்தில் பாதி கூரையிலிருந்து வந்தால் மாத மிச்சம் 4,425 ஆகிறது. ஆறரை வருடம் நாலரை வருடமாகக் குறையும். தகடு போட்ட செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள். குளிர் அறைக்கும் அது உழைக்கும் என்பதால் வேன் தலையில் முழுவதையும் கட்ட வேண்டாம்.

ஆனால் கிடங்குக் கூரை சித்தப்பாவுடையது, இல்லையா? அடுத்தவர் கட்டடத்தில் நிரந்தரமாகப் பொருத்தியதைக் கட்டடத்தோடு சேர்ந்ததாகவே சட்டம் பார்க்கக்கூடும். தகடுகள் கம்பெனியின் சொத்து, காலி செய்யும்போது கழற்றிக்கொள்வோம் என்று குத்தகையில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சித்தப்பாவிடம் போய் எழுத்தில் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். நல்ல உறவு இருக்கும்போதுதான் எழுத வேண்டும். டர்பன் நகராட்சியான ஈத்தெக்வினியிலும் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று, பணக் கணக்கு இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தெற்குப் பகுதியில் ஒருவருடைய கிடங்குக் கணக்கை எடுக்கப் போயிருந்தேன். சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் களிமண் அடைத்து உலர்ந்திருந்தது. அவர் ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பிரோஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மாதக்கணக்கில் நின்றது. மொபெனியில் உங்கள் முற்றம் எந்த மூலையில் தாழ்வு என்று அப்பாவுக்குத் தெரியும். சார்ஜரை எங்கே மாட்டுவது என்று எலக்ட்ரீஷியனுக்கு முன்பு அவரைக் கேளுங்கள்.

வேனின் விவரத் தாளில் மொத்த எடை 3,850 கிலோ என்று பார்த்தேன். பாட்டரி கனம். 3,500-ஐத் தாண்டிவிட்டால் பி லைசென்ஸ் போதாது, ஓட்டுநருக்கு சி1 வேண்டும், தொழில்முறை அனுமதி வேண்டும், வண்டிக்கு ஆபரேட்டர் கார்டு வேண்டும். உங்கள் ஓட்டுநர்களில் எத்தனை பேரிடம் சி1 இருக்கிறது? லைசென்ஸ் சரியில்லாத ஆள் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். 3,500-க்கு உட்பட்ட மாடல் உண்டா என்று கேளுங்கள்.

பெரியப்பா மகனுக்கு: கேஸ் யோசனை ஒரு காலத்தில் நல்ல யோசனை. ஜோஹன்னஸ்பர்க் மெட்ரோபஸ் பத்து வருடம் முன்பே டீசலும் கேஸும் சேர்ந்து ஓடும் பஸ்களை வாங்கியது. ஆனால் சாசோல் என்ற எரிபொருள் கம்பெனி கொண்டுவரும் கேஸ் மொசாம்பிக்கின் பாண்டே, தெமானே வயல்களிலிருந்து வருகிறது. அவை வற்றிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலைகளே அடுத்து எங்கே வாங்குவது என்று தவித்துக்கொண்டிருக்கும்போது ஏழு வேனை அதற்கு மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. அந்த விற்பனையாளரிடம் ஒரு வேனை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காலி வண்டியை நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. வியாழக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் லோடை முழுக்க ஏற்றி, கேட்டோ ரிட்ஜ் ஏற்றத்தில் விடுங்கள். கிளம்பும்போது எத்தனை சதவீதம், மேலே போய்ச் சேர்ந்தபோது எத்தனை, இறங்கி வந்தபோது எத்தனை, திரும்ப நிரப்ப எத்தனை யூனிட் என்று ஓட்டுநரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். புரட்டாசியில் உங்கள் லோடு இன்னும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தாள், ஏழு வேனின் மூன்று மாத டீசல் ரசீது, டேக்அவே கம்பெனியின் பங்குச் சான்றிதழ், சித்தப்பாவின் குத்தகை, இந்த நான்கையும் உங்கள் கணக்காளரிடம் ஜனவரிக்குள் கொண்டுபோங்கள். பங்கை மாற்றும் பத்திரம் பிப்ரவரிக்குள் முடிய வேண்டும், வேன் இன்வாய்ஸ் அதற்குப் பிறகுதான்.